அம்மாயிக்கு நினைவு மலர்: தோட்டத்துப் பெண்ணின் நீண்ட வாழ்க்கையைப் பிழையில்லாமல் எழுதுவது எப்படி?

பூண்டுலோயா பேத்தி

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த அம்மாயி (அம்மாவின் அம்மா) காலமாகி ஒன்பது நாள் ஆகிறது. முப்பத்தோராம் நாளுக்கு 16 பக்கத்தில் சின்ன மலர் ஒன்று போட வீட்டில் முடிவு. கையில் இருப்பவை: அடையாள அட்டை, ஒரு குடியுரிமைப் பத்திரம், ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) தாள், நான்கு போட்டோ. அடையாள அட்டைப்படி பிறந்த வருடம் 1938. பெரிய மாமா 1936 என்கிறார். பெயர் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மாதிரி. "அன்பின் உருவமே, தியாகச் சுடரே" என்று நாலு வரி போட்டு முடிக்க மனம் வரவில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கொட்டகலைவாசி

தங்கச்சி, முதலில் தாள்களைத் தேடுங்க, பிறகு பேசுறவங்களைத் தேடுங்க. தாளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு கேட்டால் பெரியவர்களுக்கு ஞாபகம் வரும். வெறுங்கையோடு போய் "அம்மாயியைப் பற்றிச் சொல்லுங்க" என்றால் "நல்ல மனுசி, பாவம்" என்பதோடு நின்றுவிடும்.

பிறந்த தேதிக்கு அடையாள அட்டை இலக்கத்தைப் பாருங்க. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 38 623 என்று தொடங்கினால் 1938, 623-இல் 500 கழித்தால் 123, அதாவது மே 2. எண்ணும்போது எந்த வருடமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் வைத்து எண்ணணும், இல்லாவிட்டால் மார்ச்சுக்குப் பிறகு ஒரு நாள் பிசகும். 501 என்று வந்தால் சனவரி 1. அப்படி வந்தால் நாள் தெரியாமல் வருடத்தை மட்டும் வைத்துப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம், வேறு தாளோடு ஒத்துப் பார்க்காமல் மலரில் போடாதீங்க.

ஆனால் அட்டை தேதியே கடைசி வார்த்தை இல்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழை வைத்துத்தான் அட்டை எடுத்தார்கள். வயதைப் பார்த்து மதித்துப் போட்ட கணக்கு அது. உங்கள் மாமா சொல்லும் இரண்டு வருட வித்தியாசம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

இதைத் தீர்க்க நல்ல வழி மூத்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். அதில் தாயின் வயதுக்கு ஒரு நிரல் இருக்கு. மூத்த பிள்ளைக்கு 1957-இல் தாய் வயது 21 என்று இருந்தால் 1936 பக்கம் கனம் கூடும். எல்லாப் பிள்ளைகளின் சான்றிதழையும் வரிசையாக அடுக்கிப் பாருங்க. ஒன்று மட்டும் விலகி நின்றால் அதைத் தள்ளலாம், எல்லாம் ஒரே பக்கம் காட்டினால் அட்டையைத்தான் சந்தேகிக்கணும்.

ஹப்புத்தளை மூடுபனி

கொட்டகலை அண்ணன் சொன்ன அதே சான்றிதழில் கீழே போங்க. பிள்ளையின் பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பெயர், பிறந்த வருடம், இடம். பூட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பெயர், இடம் என்று நிரல்கள் இருக்கும்.  நிறையக் குடும்பத்தில் அந்தப் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் கேட்டதும் அதைத்தான். சட்டத்துக்கு முந்திப் பிறந்தவர் வம்சாவளிக் குடியுரிமை பெற, தகப்பன் இங்கே பிறந்திருக்கணும், இல்லையானால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கணும். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து லயத்தில் செத்த மக்களிடம் அதற்கான தாள் எங்கே இருந்தது?

பெயர் விசயம்: இலெட்சுமி, லெச்சுமி, லட்சுமி மூன்றும் ஒரே ஆள்தான். எழுதிய கிளாக்கரின் காது, அவர் எழுதிய மொழி, இரண்டும் சேர்ந்து பெயரை மாற்றும். சிங்களத்தில் எழுதி மறுபடி தமிழுக்கு வந்தால் இன்னும் மாறும். மலரின் அட்டையில் சனங்கள் கூப்பிட்ட பெயரைப் போடுங்க. உள்ளே ஒரே ஒரு இடத்தில் "பதிவுகளில் இப்படியும் எழுதப்பட்டுள்ளது" என்று எல்லா வடிவத்தையும் தாருங்க. நாளைக்குப் பேரப்பிள்ளை ஒருவர் ஆவணம் தேடும்போது அந்த ஒரு வரி பெரிய உதவி.

நோர்ட்டன் மேட்டுலயம்

வயதையும் கலியாண வருடத்தையும் பெரியவர்களிடம் இலக்கமாகக் கேட்டால் பதில் வராது. எல்லாருக்கும் தெரிந்த சம்பவத்தோடு கட்டிக் கேளுங்க. 1955 ஜூன் 20 காலையில் சூரிய கிரகணம். அப்போது அம்மாயி குமரியா, கலியாணம் முடிந்தவரா? 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது எந்தப் பிள்ளை கைக்குழந்தை? மஸ்கெலியா பக்கத்துக் குடும்பமானால், 1969-இல் முடிந்த மவுசாகலை நீர்த்தேக்கத்தில் பழைய டவுன் மூழ்கியதற்கு முன்னா பின்னா? 1973, 74 பஞ்சத்தில் வீட்டில் எத்தனை பேர்? 1974 டிசம்பர் 4 இரவு ஏழு கன்னியர் மலையில் விமானம் மோதி 191 பேர் இறந்தது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும் நாள். 1977 மே 11 டெவன் தோட்டத்தில் தோட்ட இளைஞர் சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டது இன்னொன்று.

ஒரு சம்பவத்துக்கு இரண்டு பேரிடமாவது தனித்தனியாகக் கேளுங்க. ஒரே திண்ணையில் வைத்துக் கேட்டால் மூத்தவர் சொல்வதற்கு மற்றவர் தலையாட்டிவிடுவார்.

பத்தனை

ஈ.பி.எஃப் தாளை மறந்துவிடாதீங்க. ஊழியர் சேமலாப நிதி 1958-இல் வந்தது. பெண்கள் 50 வயதில் அந்தப் பணத்தை எடுக்கலாம், ஆண்கள் 55. அதனால் பணம் எடுத்த வருடத்தை வைத்து 'ஓய்வு பெற்றார்' என்று எழுதிவிடக் கூடாது. 50-இல் பணத்தை எடுத்துவிட்டு 60 வரைக்கும் மலைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர்.

தோட்ட ஆபிசில் பெரிய கிளாக்கரையாவிடம் மூன்று விசயம் கேளுங்க: வேலைக்குப் பேர் பதிந்த தேதி, செக்ரோல் (தொழிலாளர் பேர்ப் பதிவேடு) இலக்கம், தோட்டத்தின் எந்த டிவிஷன். பழைய செக்ரோல் புத்தகம் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்திடம் போயின, 1992-இல் கம்பனிகளுக்கு வந்தன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் புத்தகங்கள் தொலைந்தன. ஆபிசில் இல்லாவிட்டால் டிஸ்பென்சரிப் பதிவையும் பள்ளிக்கூடத்துச் சேர்வு இடாப்பையும் (பதிவேடு) பாருங்க. பள்ளிக்கூடம் முன்பு தோட்டத்துக்குச் சொந்தமாக இருந்திருந்தால் அரசாங்கம் எடுத்ததற்குப் பிந்திய இடாப்புதான் இருக்கும். அதில் அம்மாயி இருக்க மாட்டார், பிள்ளைகள் இருப்பார்கள்.

தோட்டத்தின் பெயரையும் இரண்டு மாதிரி எழுதணும்: தாளில் உள்ள பெயர், சனங்கள் சொல்லும் பெயர். நிறையத் தோட்டத்தில் இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது.

பூண்டுலோயா பேத்தி

நன்றி. மூத்த மாமாவின் சான்றிதழில் தாய் வயது 20, வருடம் 1956. அடுத்த இரண்டு பிள்ளைகளின் சான்றிதழிலும் 1936 தான் வருகிறது. குடியுரிமைப் பத்திரத்தைப் பற்றித்தான் வீட்டில் வாக்குவாதம். "அதையெல்லாம் மலரில் ஏன் போடணும், துக்க நேரத்தில்" என்கிறார் சின்ன மாமா.

ஹப்புத்தளை மூடுபனி

போடணும். உங்கள் அம்மாயிக்கு 12 வயதில் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு எத்தனை வருடம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் இருந்தார் என்பது அவர் வாழ்க்கையின் பெரிய பகுதி. அதை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரோ ஒருவரின் வாழ்க்கை.

ஆனால் சரியாக எழுதணும். பத்திரத்தின் மேலே எந்தச் சட்டத்தின் கீழ் என்று இருக்கும், அதைப் படியுங்க. 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்கம் என்றால் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டப்படி விண்ணப்பித்துப் பெற்றது. 1967-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்கம் என்றால் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்திய சட்டம். இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த அந்த ஒப்பந்தம் 1964 ஒக்டோபர் 30-இல் கையெழுத்தானது. நாடற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். 1986, 1988 சட்டங்களின் கீழ் வந்த பத்திரங்களும் உண்டு. 1988 என்றால் சத்தியக்கடதாசி (உறுதிமொழிப் பத்திரம்) ஒன்றும் கூடவே இருக்கும், பெட்டியில் தேடுங்க. 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் குடியுரிமை கொடுத்தது.

பத்திரத்தின் தேதி கிடைத்ததும் இரண்டு வசனம் போதும்: "1948-இலிருந்து இந்த வருடம் வரை நாடற்றவராக இருந்தார். முதன்முதலாக வாக்களித்தது இந்தத் தேர்தலில்." ஆனால் இடையில் இந்தியப் பாஸ்போட் எடுத்துப் போகாமல் இருந்துவிட்டவரானால் அந்தக் காலத்துக்கு நாடற்றவர் என்று எழுதக் கூடாது, அவர் இந்தியப் பிரஜையாகப் பதியப்பட்டவர். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிய மலர்கள் நிறைய இருக்கு.

கொட்டகலைவாசி

மூடுபனி சொல்வது சரி, ஆனால் சின்ன மாமாவையும் தள்ளிவிட வேண்டாம். துக்கத்தில் இருக்கிறவர் அவர். உரையில் இரண்டு வசனம், பத்திரத்தின் படம் கடைசிப் பக்கத்தில் சின்னதாக. அப்படியென்றால் அவரும் ஒத்துக்கொள்வார். பத்திர இலக்கத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் படத்தில் மறைத்துவிடுங்க. முழுப் பிறந்த தேதியோடு இலக்கமும் ஃபேஸ்புக்குக்குப் போனால் கெட்டவன் கையில் அகப்படும்.

தலவாக்கலை கூடை

எல்லாரும் தாளைப் பற்றிப் பேசுறீங்க. வேலையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஆசிரியர் செத்தால் எந்தப் பாடம், எந்தப் பள்ளி என்று எழுதுறோம். கொழுந்து எடுத்தவர் செத்தால் "தோட்டத்தில் உழைத்தார்" என்று ஒரே வரி. இது சரியில்லை. அந்த வேலை அவ்வளவு நுணுக்கமானது.

எழுத வேண்டியவை. எந்த வயதில் பேர் பதிந்தார், எந்தக் கங்காணியின் கீழ், எந்த நம்பர் மலைகள். கொழுந்து மட்டுமா, தவறணையில் (நாற்று வளர்க்கும் இடம்) நாற்றும் பார்த்தாரா, முள்ளுக் குத்து (மண் கிளறுவது), புல் வெட்டு, உரம் போட்டாரா, ஸ்டோரில் (தேயிலை ஆலை) இருந்தாரா. ஏழு நாளுக்கு ஒரு தடவை அதே மலைக்குச் சுற்று வரும், மழைக்காலத்தில் சுற்று குறுகும், தை மாசிப் பனியில் நீளும். இரண்டு இலையும் மொட்டும் மட்டும் கிள்ளி, மட்டக்கம்புக்கு (செடியின் மட்டம் பார்க்க வைக்கும் கம்பு) மேலே வந்ததை மட்டும் எடுத்து, முற்றலை விட்டுவிட்டு, இரண்டு கையும் ஒரே வேகத்தில் போகணும். முற்றலோடு நிறுத்தால் கணக்கப்பிள்ளை கழிப்பார். ஈரக் கொழுந்துக்குத் தண்ணிக் கழிவு, கூடைக்குக் கழிவு. குறித்த நிறை வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். அவர் எப்படி அரைப்பேர் விழாமல் சமாளித்தார் என்று கூட வேலை செய்தவர்களிடம் கேளுங்க, ஒவ்வொருவருக்கும் ஒரு கைவாகு உண்டு.

நிறையில் கவனம். அந்தக் காலத்து நிறுவை றாத்தலில் (பவுண்டு). "நாற்பது எடுத்தாள்" என்று ஒரு கிழவி சொன்னால் அது 40 றாத்தல், ஏறக்குறைய 18 கிலோ. 40 கிலோ என்று எழுதினால் தோட்டத்தில் படிக்கிறவன் மலரையே நம்ப மாட்டான். பச்சைக் கொழுந்து நாலரைக் கிலோவுக்கு ஒரு கிலோ தேயிலை என்று வைத்தால், அந்த 18 கிலோவில் நாலு கிலோ தேயிலை. அதற்கு மேலே பெருக்காதீங்க. "ஐம்பது வருடத்தில் இத்தனை இலட்சம் கிலோ எடுத்தார்" என்று சிலர் போடுவது கற்பனைக் கணக்கு. பிரசவம், சுகவீனம், வேலை குறைந்த மாதம், வேறு வேலைக்குப் போன நாள் எதுவும் அதில் இல்லை.

சம்பளமும் எழுதுங்க. 1984 வரைக்கும் ஒரே நாள் வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. அம்மாயியின் உழைப்புக் காலத்தில் பெரும் பகுதி அந்தக் குறைந்த சம்பளத்தில் போனது. அதே நாளில் விடிய முந்தி எழும்பி ரொட்டி சுட்டு, தேத்தண்ணி ஊற்றி, கைப்பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) விட்டு, பெரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்) நேரத்துக்குப் போய், பால் கொடுக்க இடையில் ஓடி வந்து, திரும்ப மலையேறி, அந்திக்கு விறகோடு இறங்கி வந்திருப்பார். "தாயாக அர்ப்பணித்தார்" என்று சொல்வதற்குப் பதில் இந்த நேர அட்டவணையை எழுதினாலே போதும். எத்தனை மணிக்கு எழும்பினார் என்று பிள்ளைகளிடம் கேட்டு அதையே போடுங்க.

நோர்ட்டன் மேட்டுலயம்

கூடை அக்கா சொன்னதோடு உடுப்பையும் சேருங்க: தலையில் கம்பளி, இடுப்பில் படங்கு (முரட்டுத் துணி), கூடைக் கயிறு தலையில் விழும் இடம். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு இப்போது கம்பளி தெரியாது.

பத்தனை

உறவு வரிசையில்தான் மலர் அடித்த பிறகு சண்டை வரும். "அன்னாரின் பாசமிகு" என்று தொடங்கி எழுதும் பகுதியை ஒருவர் மட்டும் எழுதக் கூடாது. ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் மூத்தவரிடம் அவர்கள் கிளையை மட்டும் எழுதி வாங்குங்க: பெயர், துணைவர் பெயர், பிள்ளைகள், இருக்கும் ஊர். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக்கி, முழுப் பட்டியலையும் வட்ஸ்அப்பில் போட்டு இரண்டு நாள் தவணை கொடுங்க. வரிசை வயதுப்படி, வசதிப்படி அல்ல.

இந்தியா போன கிளையை விட்டுவிடாதீங்க. தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறிப் போனவர்களின் பிள்ளைகள் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருக்கிறார்கள், பலர் அங்கேயும் தேயிலைத் தோட்டத்தில். கப்பல் 1984-இல் நின்றது, அதற்குப் பிறகு தொடர்பு அறுந்த வீடுகள் அதிகம். அம்மாயியின் அக்காவோ தம்பியோ போயிருந்தால், கண்டியில் இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகத்தில் எடுத்த குடும்ப அட்டையின் கொப்பி யார் வீட்டிலாவது இருக்கும். அதில் எல்லாப் பெயரும் வயதும் படமும் ஒரே தாளில் இருக்கும்.

தலவாக்கலை கூடை

செத்துப் போன பிள்ளைகளையும் கேளுங்க. அந்தத் தலைமுறைத் தாய்மார் பலர் பெற்றதில் ஒன்றிரண்டைப் பறிகொடுத்தவர்கள். "ஏழு பிள்ளை பெற்றார், ஐந்து பேர் வளர்ந்தார்கள்" என்று எழுதணும். பெயர் வைத்த பிள்ளையானால் பெயரோடு, வைக்காததானால் வருடத்தோடு. பத்து மாதம் சுமந்த கணக்கு அவருடையது, நாம் சுருக்கக் கூடாது. இதை ஆண்களிடம் கேட்காதீங்க, அம்மாயியின் தங்கச்சியோ மூத்த மகளோதான் சொல்வார்கள், அதுவும் வீட்டில் ஆள் குறைந்த நேரத்தில்.

பூண்டுலோயா பேத்தி

அம்மாயியின் தங்கச்சி இருக்கிறார், சின்னம்மாயி. 84 வயது. ஒப்பாரி பாடுவார். பதிவு செய்யலாமா?

ஹப்புத்தளை மூடுபனி

கட்டாயம், ஆனால் முதலில் அனுமதி கேளுங்க. ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போடுங்க, இல்லாவிட்டால் கோல் வந்தால் பதிவு நிற்கும். மழை நேரத்தில் தகரக் கூரைக்குக் கீழே எதுவும் கேட்காது, விடியற்காலை பாருங்க. ஃபோனை அவர் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் துணி மடிப்பின் மேல் வையுங்க, வெறும் மேசையில் வைத்தால் கை பட்ட சத்தமெல்லாம் ஏறும். அரை மணிக்கு மேல் இருத்த வேண்டாம். இன்னொரு நாள் போங்க.

ஒப்பாரியில் வரும் ஊர்ப் பெயர், உறவுப் பெயர், பொருள் பெயரைச் சொல் மாறாமல் எழுதி எடுங்க. "திருத்தி" நல்ல தமிழாக்கினால் பாட்டு போய்விடும். மலருக்கு எட்டு வரி போதும், முழுப் பதிவையும் குடும்பத்தில் மூன்று பேரின் ஃபோனிலும் ஒரு பென் டிரைவிலும் போட்டு வையுங்க.

அச்சகத்துத் தம்பி ஹட்டன்

நாள் குறைவு என்பதால் அச்சு விசயம். 16 பக்கம் சரியான தெரிவு. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்கு நாலின் மடங்கில்தான் பக்கம் வரணும். 18 என்று கொண்டு வந்தால் இரண்டு பக்கம் வெள்ளையாக நிற்கும். அளவு ஏ5, உள்தாள் 100 ஜி.எஸ்.எம், படம் அதிகமென்றால் 130 ஆர்ட், அட்டை 250.

எழுத்துரு பெரிய தலையிடி. பாதிப் பேர் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்துத் தருகிறார்கள், பாதிப் பேர் ஃபோனில் யுனிகோடில். பாமினி இல்லாத கணினியில் முழுக்க ஆங்கில எழுத்தாக விழும். இரண்டையும் கலக்காமல் எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றி, மாற்றிய பிறகு ஸ்ரீ, க்ஷ, ஜ, ஔ வரும் பெயர்களை ஒவ்வொன்றாகப் பாருங்க, பிழை அங்கேதான் ஒளிந்திருக்கும். அச்சகத்துப் பழைய மென்பொருள் யுனிகோடில் கொம்பையும் காலையும் பிரித்துப் போடும். அதனால் எழுத்துரு உள்ளடக்கிய பீடிஎஃப் ஆகத் தாருங்க, திரையில் பார்த்து ஓம் சொல்லாமல் ஒரு தாளில் அடித்துப் பாருங்க.

போட்டோ: பாஸ்போட் அளவுப் படத்தை 600 டிபிஐ ஸ்கேன் செய்தால் அச்சில் 7 சென்ரிமீற்றருக்கு 9 வரும். 1200-இல் எடுத்தால் ஏறக்குறைய முழுப் பக்கம் கிடைக்கும், ஆனால் பழைய படத்தின் புள்ளிகளும் பெருக்கும். அரைப் பக்கத்தோடு நிற்பது நல்லது. மலைநாட்டு ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் உரிக்கவே கூடாது, முகம் கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியோடேயே ஸ்கேன் எடுக்கலாம். பூஞ்சணத்தை ஈரத் துணியால் துடைக்க வேண்டாம். லாமினேட் பண்ணவும் வேண்டாம்.

ஃபோனில் முகத்தைத் "தெளிவாக்கும்" செயலிகளைப் பாவிக்காதீங்க. அது மூக்குத்தியை அழிக்கும், கையில் குத்திய பச்சையை அழிக்கும், சுருக்கத்தை இழுத்து வேறு ஒரு பெண்ணாக்கும். கீறல் மட்டும் திருத்தினால் போதும்.

கொட்டகலைவாசி

திதி மறந்துவிட்டது. மலரில் மறைவுத் தேதியோடு தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, திதி மூன்றும் போடுங்க. வருடத் திவசம் அந்தத் திதியில்தான் வரும், இங்கிலீசுத் தேதியில் அல்ல. வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணிதமும் திதி மாறும் நேரத்தில் வித்தியாசப்படும், உயிர் பிரிந்த நேரத்தைச் சொல்லி உங்கள் கோயில் ஐயர் பாவிக்கும் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ளுங்க. மரணச் சான்றிதழில் உள்ள தேதியும் மலரில் உள்ள தேதியும் ஒன்றாக இருக்கணும். நடுச்சாமத்தில் போனவர்களுக்கு இது பிசகும்.

பூண்டுலோயா பேத்தி

மிச்சம் 20 நாள். தாள் தேட ஏழு, சின்னம்மாயியோடும் கூட வேலை செய்தவர்களோடும் பேச ஐந்து, எழுதிப் பிழை பார்க்க நாலு, அச்சுக்கு நாலு என்று பிரித்திருக்கிறேன். சின்ன மாமா இரண்டு வசனத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டார். எத்தனை கொப்பி அடிக்கலாம்?

அச்சகத்துத் தம்பி ஹட்டன்

வரும் வீடுகளை எண்ணி, கூட இருபத்தைந்து. ஆளுக்கொன்று வேண்டாம், வீட்டுக்கொன்று. பிழை பார்க்க நாலு நாளில் ஒரு நாள் முழுக்கப் பெயர்களுக்கு மட்டும் ஒதுக்குங்க, ஒருவர் வாசிக்க இன்னொருவர் பட்டியலைப் பார்க்கணும்.

பத்தனை

மிஞ்சும் கொப்பியில் ஒன்று அம்மாயி வேலை செய்த தோட்டத்துப் பள்ளிக்கூட நூலகத்துக்கு, ஒன்று நூலகம் நிறுவனத்துக்கு. அவர்கள் இணையத்தில் நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறார்கள். கொடுக்கும் பீடிஎஃப்பில் உயிரோடு இருப்பவர்களின் முகவரியும் ஃபோன் இலக்கமும் இல்லாத பிரதியாகப் பார்த்துக் கொடுங்க. கூடலூர்க் கிளைக்குத் தபாலில் போக நாள் எடுக்கும், அவர்களுக்கு முதலில் அனுப்பிவிடுங்க.

பூண்டுலோயா பேத்தி

சரிங்க. முதல் பிரதியைத் தாளில் அடித்ததும் உறவு வரிசையையும் வேலைப் பகுதியையும் மட்டும் இங்கே போடுகிறேன். கூடை அக்கா, நிறைக் கணக்கை நீங்கள் ஒரு தடவை பார்த்துவிடுங்க.